அடுப்பாண்ட போவாத

ஐம்பது வருஷத்துக்கு முன்பு, புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் ஒரு சாதாரணக் குடியானவர் வீட்டில் நெருப்பு எத்தனை இடத்தில் இருந்தது என்று எண்ணிப் பார்க்கலாம். பின்கட்டில் மண் அடுப்பும் அதை ஒட்டிக் கொடியடுப்பும். தோட்டத்தில் வெந்நீருக்கு மூன்று கல். மாட்டுக் கொட்டகையில் கொசுவுக்குப் போட்ட மூட்டம். மாடத்தில் அகல், சமையற்கட்டில் சிம்னி, நடையில் தொங்கும் அரிக்கேன், திண்ணையில் தாத்தாவின் சுருட்டு. தலைக்கு மேலே தென்னங்கீற்றோ கரும்புச் சோகையோ வேய்ந்த கூரை. வாசலுக்கு எதிரே வைக்கோல் போர். மூலையில் சவுக்கு மிலாறும் வரட்டியும் அடுக்கியிருக்கும். அதன் பக்கத்திலேயே ரேஷனில் வாங்கிவந்த கிருஷ்ணாயில் டின்.

இந்த வீட்டில்தான் ஐந்தாறு பிள்ளைகள் தவழ்ந்தார்கள், ஓடினார்கள், வளர்ந்தார்கள்.

இன்று அதே தெருவில் பெரும்பாலும் தளம் போட்ட மெத்தை வீடுகள். காஸ் அடுப்பு மேடைமேல் ஏறிவிட்டது. வைக்கோல் போர் இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. தெரு முழுவதும் பற்றி எரிகிற விபத்து அரிதாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் நெருப்பில் கை வைப்பது நின்றபாடில்லை. கொளுத்திப் பார்க்கும் ஆசை மூன்று வயதில் அன்றும் வந்தது, இன்றும் வருகிறது. அந்த ஆசையைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட ஆள்தான் இன்று வீட்டில் இல்லை. மாற்றங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

தீப்பெட்டி அன்று காசு கொடுத்து வாங்கும் அருமையான பொருள். ஒரு குச்சியை மிச்சம் பிடிக்க, பக்கத்து வீட்டுக் கூரையில் புகை தெரிந்ததும் பிள்ளையிடம் கொட்டாங்குச்சியைக் கொடுத்து, "அத்தகிட்ட ரெண்டு தணல் வாங்கியா" என்று அனுப்புவார்கள். அத்தை கொட்டாங்குச்சியின் அடியில் சாம்பலைப் போட்டு அதன்மேல் தணலை வைத்து, "மொள்ளமா போ, காத்துக்கு எதிரா புடிக்காத" என்று சொல்லி அனுப்புவாள். ஏழு வயதுப் பிள்ளை அந்த இருபது அடியை நடந்து கடக்கும்போது கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. தணல் கறுப்பாகத் தெரிந்தாலும் சுடும், காற்று பட்டால் உயிர்பெறும், ஓடினால் பொறி பறக்கும், கூரை ஓரமாகப் போகக்கூடாது: எல்லாவற்றையும் உள்ளங்கையே சொல்லிக் கொடுத்துவிடும்.

நெல் அவிக்கிற நாள் இன்னொரு பாடம். பாகூர் ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைப் பெரிய அண்டாவில் போட்டு விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிடுவார்கள். பெண்கள் சுற்றி இருக்க, பிள்ளைகள் தணலில் வள்ளிக்கிழங்கைப் புதைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கும் காலத்தில் கொல்லையிலேயே காய்ந்த செடியைக் கூட்டிச் சுட்டுத் தின்பதும் உண்டு. மூட்டுவது பெரியவர், சுற்றி நிற்பது பிள்ளைகள், எல்லாம் முடிந்ததும் மண்ணை வாரிப்போட்டு மிதித்து அணைப்பது யாராவது ஒரு மாமா. நெருப்பை மூட்டத் தெரிந்துகொள்ளும்போதே அணைக்கவும் தெரிந்துகொள்கிற ஏற்பாடு அது.

மிரட்டலும் இருந்தது. "நெருப்போட வெளாடினா ராத்திரி பாயில ஒண்ணுக்குப் போயிடுவ" என்பது எல்லாப் பாட்டிகளும் சொன்ன வாக்கியம். மறுநாள் காலை பாய் நனைந்திருந்தால் தெருவே சிரிக்கும் என்கிற பயத்தில் கை பின்வாங்கும். அது பொய்தான். ஆனாலும் அந்தப் பாட்டி அடுப்பிலிருந்து நாலடி தூரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாய் மிரட்டியது, கண் பிள்ளைமேலேயே இருந்தது. "அடுப்பாண்ட போவாதடா" என்ற குரல் ஒரு நாளில் எத்தனை முறை எழுந்தது என்று யாரும் எண்ணவில்லை.

இதையெல்லாம் சொல்லி, அந்தக் காலம்தான் நல்ல காலம் என்று முடித்துவிட்டால் அது பெரிய அநியாயம். அன்று தீயில் வெந்த பிள்ளைகளின் தழும்பு இன்றும் இந்த ஊர்களில் அறுபது வயதுக்காரர்களின் உடம்பில் இருக்கிறது. தரையில் எரியும் அடுப்பு தவழும் குழந்தையின் உயரத்திலேயே இருந்தது. சிம்னி சாய்ந்தால் கிருஷ்ணாயிலோடு சேர்ந்து பற்றும். எட்டு வயதில் சோறு வடிக்கப் பழக்கப்பட்ட பெண்பிள்ளைகளின் பாவாடை ஓரத்தைத்தான் தீ முதலில் பிடித்தது. பருத்தித் துணி எரிந்தால் சாம்பலாகும். நைலான் வந்த பிறகு உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் சதை ஒட்டி மடங்கிப்போன பெண்ணுக்கு அதன்பிறகு படிப்பும் கல்யாணமும் என்ன ஆயின என்பதை ஊர் அறியும்.

கத்திரி வெயிலில் மேல்காற்று அடிக்கிற மத்தியானங்கள்தான் மிகவும் மோசம். வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்து இரண்டு பையன்கள் குச்சி உரசிப் பார்த்தால், ஒரு வீட்டோடு நிற்காது. கூரைக்குக் கூரை தாவி, தண்ணீர்க் குடம் வந்து சேர்வதற்குள் வரிசையே போய்விடும். நெல், துணிமணி, மாடு, பத்திரம் எல்லாம் அதோடு போகும்.

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். நெருப்போடு விளையாடிய பிள்ளைக்குச் 'சூடு போடுகிற' வழக்கம் சில வீடுகளில் இருந்தது. கரண்டியைக் காயவைத்துக் காலில் இழுப்பது. இதைப் பாசம் என்றும் கண்டிப்பு என்றும் நியாயப்படுத்தியவர்கள் உண்டு. அது பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றைத்தான்: அடுத்த தடவை ஒளிந்து செய். தீ பிடித்துக்கொண்டால் சொல்லாதே. கட்டிலுக்கு அடியிலோ குதிருக்குப் பின்னாலோ போய்ப் பதுங்கு. தீ விபத்துகளில் பிள்ளைகள் வெளியே ஓடிவராமல் உள்ளேயே ஒளிந்துகொண்டு புகையில் மூச்சு முட்டிப் போவதைத் தீயணைப்புக்காரர்கள் உலகம் எங்கும் பார்த்திருக்கிறார்கள். அடிக்குப் பயந்த பிள்ளைக்குத் தீயைவிட அப்பாதான் பெரிய ஆபத்தாகத் தெரிகிறார்.

பிறகு கூரைகள் மாறின. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்திலிருந்து கிளம்பிய தீ கீற்றுக் கூரையில் ஏறி 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்குப் பிறகு கீற்றைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. புதுச்சேரியில் பெருந்தலைவர் காமராஜர் நூற்றாண்டு வீடு கட்டும் திட்டத்தில், குடிசை மாற்று வாரியம் வழியாகத் தவணை தவணையாக வந்த பணத்தில் குடிசைகள் மெத்தை வீடுகளாயின. காஸ் வந்தது, ரேஷன் மண்ணெண்ணெய் போனது. விளக்கு சுவிட்சுக்குள் போய்விட்டது. வீடு தீப்பிடிக்காத வீடாக ஆனதில் அரசுக்கும் ஊருக்கும் பங்கு உண்டு. அது சின்ன சாதனை இல்லை.

ஆனால் நெருப்பு வீட்டை விட்டுப் போய்விடவில்லை. சின்னதாகி, மறைந்து, விளையாட்டுப் பொருள்போல உருமாறி அங்கேயே இருக்கிறது. காஸ் லைட்டரைப் பாருங்கள். துப்பாக்கிபோலப் பிடி, அழுத்தினால் 'டிக்', நுனியில் நீலப் பொறி. மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பொம்மை கடையில் கிடைக்காது. சாமி மாடத்தில் தீப்பெட்டி, வெள்ளிக்கிழமைக்குக் கப் சாம்பிராணி, கட்டிலுக்கடியில் இரவெல்லாம் கனியும் கொசுவத்தி. அந்தக் கொசுவத்திக்கு மேலே பஞ்சு மெத்தை, பக்கத்தில் நைலான் கொசுவலை. பிறந்தநாளில் மெழுகுவத்தி எரியும்போதே பிள்ளையின் முகத்தில் நுரை ஸ்ப்ரே அடிக்கிறார்கள். அந்த டப்பாவை உந்தித் தள்ளும் வாயு பல சமயம் எரியக்கூடியது. சென்ட் பாட்டிலை லைட்டருக்கு நேராக அடித்தால் என்ன ஆகும் என்பதைச் செல்போன் வீடியோ பத்து வயதுப் பையனுக்குக் காட்டிக் கொடுக்கிறது. சுட்டுக்கொண்டவனின் கை அந்த வீடியோவில் வருவதில்லை.

காஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விறகடுப்பு தன்னை மறைத்துக்கொள்ளாது. புகையும், வெடிக்கும், கண் எரியும், பத்தடி தூரத்திலேயே சூடு தெரியும். காஸ் அடுப்பில் ஒரு குமிழைத் திருப்பிவிட்டுப் பற்றவைக்காமல் போனால் அங்கே தீயே கிடையாது. பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. அம்மா திருப்புவதைத் தினமும் பார்க்கிற பிள்ளை பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அதேபோல் திருப்பும். பிறகு மறந்துவிட்டு விளையாடப் போய்விடும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, தரையோடு படிந்து தவழும், தாழ்வான மூலையில் தேங்கும். வாசனை வருவதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். தூங்குகிறவருக்கும் சளி பிடித்தவருக்கும் அதுவும் எட்டாது. பிறகு பிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது எழும் பொறி போதும், அல்லது வீட்டுக்குள் வந்தவர் போடுகிற லைட் சுவிட்ச் போதும். சமையல் முடிந்ததும் அடுப்பை மட்டும் நிறுத்திவிட்டு ரெகுலேட்டரைத் திறந்தே விடுகிற பழக்கம் நம் வீடுகளில் மிக அதிகம். பிள்ளை உள்ள வீட்டில் ரெகுலேட்டரை மூடுவது கதவுக்குத் தாழ் போடுவதைப் போன்ற கடமை. காஸ் நாற்றம் வந்துவிட்டால் சுவிட்சைத் தொடாமல், ஜன்னல் கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும்.

அடுப்பு மாறியதைவிட வீட்டின் நேரம் மாறியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சேதராப்பட்டுப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு வில்லியனூர் கிராமங்களிலிருந்து காலையிலேயே வேன் கிளம்பிவிடுகிறது. அம்மா அதில் போகிறாள். அப்பா கட்டட வேலைக்கோ கடலூர்ப் பக்கமோ போகிறார். நூறு நாள் வேலை இருக்கிற நாளில் பாட்டியும் வீட்டில் இல்லை. பல வீடுகளில் பாட்டி வேறு மகன் வீட்டில் இருக்கிறாள். பள்ளி விட்டு நாலு மணிக்கு வருகிற பிள்ளையே சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிறது. வேன் திரும்பி வரும்வரை, ஆறோ ஏழோ ஆகும்வரை, அந்த வீட்டில் பத்து வயது அக்காவும் நாலு வயதுத் தம்பியும்தான். பசிக்கு அக்கா நூடுல்ஸ் கிண்டுகிறாள். இந்த இரண்டு மூன்று மணி நேரத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். வேலைக்குப் போகும் தாயைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவள் சம்பளத்தில்தான் அந்த வீடே மெத்தை வீடாகியிருக்கிறது. அன்று ஆறு பெரியவர்கள் பகிர்ந்துகொண்ட காவலை இன்று ஒருத்தி மேல் போட்டுவிட்டு, அவளும் இல்லாத நேரத்துக்கு ஊர் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. அங்கன்வாடி வேன் திரும்பி வரும்வரை திறந்திருப்பதில்லை. மாலையில் பிள்ளைகள் சேர்ந்து உட்கார ஓர் இடம், பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு ஒரு அக்கா: ஒரு கொம்யூன் பஞ்சாயத்தால் முடியாத காரியமா இது?

பொருளையே மாற்றிக் காப்பாற்றுகிற வழியும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1994இல் ஒரு விதி வந்தது. சிகரெட் லைட்டரை மூன்றரை முதல் நாலேகால் வயது வரையுள்ள பிள்ளைகளின் கையில் கொடுத்துச் சோதிப்பார்கள். நூற்றுக்கு 85 பேராலாவது அதை இயக்க முடியாமல் இருந்தால்தான் விற்கலாம். அதன் பிறகு சின்னப் பிள்ளைகள் லைட்டரால் மூட்டிய வீட்டுத் தீ பாதிக்கு மேல் குறைந்ததாக ஆய்வு காட்டியது. ஐரோப்பாவும் பின்னால் அதே வழியில் போயிற்று. நம் நாட்டில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023இல் தடை வந்தது. அது சிவகாசி, கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளர்களின் பிழைப்பைக் காக்க வந்த தடை. அவர்களுக்காக நானும் மகிழ்கிறேன். பிள்ளைகளின் விரலை நினைத்து ஒரு விதி இன்னும் பாக்கி இருக்கிறது. தீப்பெட்டி இப்போது இரண்டு ரூபாய். பெட்டிக்கடையில் எட்டு வயதுப் பிள்ளை கேட்டாலும், "யாருக்கு?" என்று கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

அன்று பிள்ளைகளுக்கென்றே ஒரு நெருப்பு இருந்தது. கார்த்திகை வருவதற்குப் பல நாள் முன்பே ஆண்பனையின் பூவைப் பொறுக்கி வந்து காயவைப்பார்கள். குழி வெட்டி, பூவைப் போட்டு எரித்து, முழுக்க எரிந்து போவதற்குள் மூடிக் கரியாக்குவார்கள். கரியை இடித்து, உப்பு சேர்த்து, பழைய வேட்டித் துணியில் நீளமாகச் சுற்றிக் கட்டி, பிளந்த பனைமட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கயிறு போட்டால் மாவளி தயார். தணல் வைத்துச் சுழற்றினால் பொறி பூவாய்க் கொட்டும். அதைச் செய்வது மாமாவோ பெரியப்பாவோ; பக்கத்திலேயே குந்தியிருப்பது பிள்ளை. கூரை இல்லாத ஏரிக்கரையிலோ அறுப்பு முடிந்த வெளியிலோதான் சுழற்ற விடுவார்கள். கயிறு எவ்வளவு நீளம், எத்தனை அடி தள்ளி நிற்பது, யார் முதலில் என்பதற்கெல்லாம் கணக்கு இருந்தது. கோயிலில் சொக்கப்பனை, திரௌபதியம்மன் தீமிதி, போகி என்று வருஷத்தில் நெருப்புக்கு நாளும் இடமும் காவலும் குறித்திருந்தார்கள். பிள்ளையின் ஆசை அந்த நாட்களில் தீர்ந்தது. சில வருஷமாகப் பனை ஆர்வலர்கள் மாவளியை மறுபடியும் செய்து விற்கிறார்கள், செய்யவும் கற்றுத் தருகிறார்கள். விற்பதைவிடக் கற்றுத் தருவதையே நான் அதிகம் வரவேற்கிறேன்.

தீபாவளி அப்படி இல்லை. அன்றும் இன்றும் அது பிள்ளைகள் கை மீறுகிற பண்டிகை. வெடி வெடிப்பதைவிட மறுநாள் காலைதான் ஆபத்து. வெடிக்காமல் 'புஸ்' ஆன வெடிகளைத் தெருவெல்லாம் பொறுக்கி, பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிக் குனிந்து கொளுத்துகிற விளையாட்டை இந்தப் பக்கத்தில் ஆடாத தலைமுறை கிடையாது. குப்பென்று எழும் தீ முகத்துக்கும் கண்ணுக்கும்தான் நேராக வருகிறது. எரிந்து முடிந்த கம்பி மத்தாப்பை அப்படியே தரையில் போட, வெறுங்காலோடு வருகிற சின்னப் பிள்ளை மிதித்துவிடுகிறது. எரியும்போது அந்தக் கம்பியின் சூடு 1000 டிகிரியை ஒட்டிப் போகிறது. ஒரு வாளித் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் தீர்ந்துவிடும் விஷயம். நாட்டு வெடியோ வேறு ரகம். 2021 நவம்பர் 4, தீபாவளியன்று, புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் கொண்டுபோன நாட்டு வெடி மூட்டை வெடித்து, தகப்பனும் ஏழு வயது மகனும் அந்த இடத்திலேயே இறந்துபோனார்கள். அந்தப் பிள்ளை நெருப்பைத் தொடவே இல்லை.

சுட்டுவிட்டால் என்ன செய்வது என்பதில்தான் மிகக் குறைவாக மாறியிருக்கிறோம். அன்று பேனா மையை ஊற்றினார்கள், இட்லி மாவைத் தடவினார்கள். இன்று அந்த இடத்துக்குப் பற்பசை வந்திருக்கிறது. மூன்றும் கெடுதல், சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும், டாக்டர் புண்ணைப் பார்க்கவிடாமல் மறைக்கும். குழாயடியில் பிள்ளையை உட்காரவைத்து 20 நிமிஷம் சாதாரணத் தண்ணீரை ஓடவிடுவதுதான் முதல் மருந்து. ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், அரைஞாணை உடனே கழற்ற வேண்டும்; தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக்கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி 108ஐ அழைக்கலாம். குழந்தையின் தோல் மெல்லியது. பெரியவருக்குக் கொப்புளம் போடுகிற சூடு குழந்தைக்கு ஆழமாக இறங்கிவிடும். இந்தியாவில் ஆண்டுக்குப் 10 லட்சம் பேருக்கு மேல் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் ஏற்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அன்று பாகூரிலிருந்து புதுச்சேரி பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதே ஒரு பயணம். இன்று கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. ஆனால் அந்த முதல் 20 நிமிஷத் தண்ணீரை எந்த ஆஸ்பத்திரியும் நமக்காக ஊற்ற முடியாது.

1944 ஏப்ரல் 14இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக வருஷந்தோறும் ஏப்ரலில் தீத்தொண்டு வாரம் நடக்கிறது. பள்ளிகளில் அணைப்பான் பிடித்துக் காட்டுகிறார்கள், நுரை பறக்கிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அந்த அணைப்பான் இந்தப் பிள்ளைகள் யார் வீட்டிலும் இல்லை. வீட்டில் இருப்பது ரெகுலேட்டரும் கொசுவத்தியும் காஸ் லைட்டரும். வில்லியனூர், பாகூர் தீயணைப்பு நிலையங்களிலிருந்து இரண்டு பேர், தீபாவளிக்கு முந்தின வாரம், ஓர் அங்கன்வாடித் திண்ணையில் அம்மாக்களோடும் பாட்டிகளோடும் உட்கார்ந்து, ஒரு வீட்டுச் சமையற்கட்டையே காட்டிப் பேசினால் பலன் வேறாக இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியது வயதைப் பொறுத்தது. ஐந்து வயதுக்குள் என்றால் பேச்சுக்கு இடமே இல்லை. தீப்பெட்டியும் லைட்டரும் பிள்ளை நாற்காலி போட்டாலும் எட்டாத உயரத்தில், பூட்டுக்குள் இருக்க வேண்டும். ஆறு ஏழு வயது வந்துவிட்டால் ஒளித்துவைப்பது மட்டும் போதாது. ஒளித்ததைத் தேடுவதே அந்த வயதின் வேலை. வெள்ளிக்கிழமை விளக்கை ஏற்றும் வேலையை அந்தப் பிள்ளைக்கே கொடுக்கலாம், அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் நிற்கும்போது மட்டும். முடியைக் கட்டு, துணியை ஒதுக்கு, குச்சியை உடம்புக்கு எதிர்ப்பக்கம் உரசு, எரிந்த குச்சியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போடு, பெட்டியைத் திருப்பிக் கொடு. துணியில் பற்றினால் ஓடாமல் நின்று, படுத்து, முகத்தை மூடிக்கொண்டு உருள வேண்டும் என்பதையும் கூடத்தில் பாய் விரித்து விளையாட்டாகவே பழக்கலாம். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே உருளும்.

கூடவே ஒரு வாக்கு கொடுக்க வேண்டும், அதைக் காப்பாற்றவும் வேண்டும். "எது பத்திக்கிட்டாலும் ஒளியாத கண்ணு. தம்பியக் கூட்டிக்கிட்டு வெளிய ஓடியாந்து கத்து. யார் கொளுத்துனதா இருந்தாலும் சரி, நான் அடிக்க மாட்டேன்."